விசரல் என்றால் ஈரக்குலை, உள்ளுணர்வு இல்லை

கேட்டவர் சப்டைட்டில் எழுதுகிறவர். கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அப்பாவுக்கு வயிற்றை ஸ்கேன் எடுத்தபோது ரிப்போர்ட்டில் ‘விசரல் ஃபேட்’ அதிகம் என்று வந்தது. அதே வாரம் படித்த ஒரு சினிமா விமர்சனத்தில் ‘விசரல் அனுபவம்’ என்று இருந்தது. இப்போது கையில் இருக்கும் ஆங்கிலப் படத்தில் ஒரு பாத்திரம், சின்ன வயதில் தன்னை அடித்து வளர்த்த வீட்டை இருபது வருடம் கழித்துப் பார்த்துவிட்டு, ‘இட் வாஸ் விசரல்’ என்கிறது. அகராதியில் ‘உள்ளுறுப்பு சார்ந்த’, ‘உள்ளுணர்வு சார்ந்த’ என்று இரண்டு பொருள் போட்டிருக்கிறது. ஒரே சொல் கொழுப்புக்கும் சினிமாவுக்கும் எப்படிப் பொருந்துகிறது, ‘கட் ஃபீலிங்’ என்பதும் இதுவும் ஒன்றா, சப்டைட்டிலில் உள்ளுணர்வு என்று போட்டுவிடலாமா?

போடாதீர்கள். அந்த இரண்டாவது பொருளை எழுதிய அகராதிக்காரர் பாதி வழியில் இறங்கிவிட்டார். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், நேரம் இருந்தால் படியுங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை ஒதுக்கிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இந்தச் சொல்லை முதன்முதலில் தமிழ் எழுத்தில் பார்த்தபோது ‘விசர்’ என்பதோடு முடிச்சுப் போட்டுவிட்டார். அங்கே விசர் என்றால் பைத்தியம், ‘விசர்க்கதை கதையாதை’ என்பார்கள். ‘விசரல் ஃபேட்’ என்றால் விசர் பிடித்த கொழுப்பு என்று நினைத்துச் சிரித்தாராம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது லத்தீன். உடம்புக்குள்ளே இருக்கிற உறுப்புகளை மொத்தமாக ‘விஸ்கெரா’ என்றார்கள், ஆங்கிலத்தில் அது ‘விசரா’ ஆயிற்று. ஒருமை ‘விஸ்கஸ்’, ஆனால் பன்மையில்தான் அதிகம் புழங்கியது, அதில் ஒரு நியாயமும் இருக்கிறது, வயிற்றைக் கிழித்தால் ஒன்றா வரும், கொத்தாகத்தானே வரும். ‘எவிசரேட்’ என்றால் குடலை உருவுவது, அதே வேர்தான். ‘விஸ்கஸ்’ என்று பாகு, எண்ணெய் போன்ற திரவத்தின் பிசுபிசுப்பைச் சொல்கிற ஆங்கிலச் சொல் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டாலும் வேறு வழியில் வந்தது. அது புல்லுருவிச் செடியின் பெயரிலிருந்தும் அதன் பழத்தை நசுக்கிக் குருவி பிடிக்கச் செய்த பசையிலிருந்தும் வந்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட மருத்துவக் கையேடு ஒன்றைத் திருத்திய அனுபவம் எனக்கு உண்டு, ‘பிசுபிசுப்பான வலி’ என்று இருந்தது.

லத்தீன்காரர்கள் அதே சொல்லால் பெற்ற பிள்ளையையும் குறித்தார்கள். என் விஸ்கெரா என்றால் என் குடல், என் பிள்ளை, இரண்டும். ‘பெத்த வயிறு பத்தி எரியுது’ என்று சொல்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, தமிழில் இதற்கு நேர் சொல் என்ன? கல்லூரிப் பாடப்புத்தகம் ‘உள்ளுறுப்பு’ என்று சொல்லும், அது சுத்தமான சொல், ரத்தம் ஒட்டாத சொல். ஆனால் நம்மிடம் இதைவிடப் பொருத்தமான ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: ஈரக்குலை. ஆட்டுக்கறிக் கடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தோலுரித்துத் தொங்கவிட்ட ஆட்டின் வயிற்றைக் கீறிக் குடலைத் தனியாக எடுத்துவிட்டு, மேலே கையை விட்டு இழுத்தால் மூச்சுக்குழாயோடு சேர்ந்து நுரையீரல், இதயம், ஈரல் எல்லாம் ஒரே கொத்தாக, வாழைக்குலை மாதிரி வரும். ஈரல் குலை. அதுதான் பேச்சில் ஈரக்குலை. அப்புறம் அந்தச் சொல்லை நாம் எங்கே பயன்படுத்துகிறோம்? கறிக்கடையில் இல்லை. அங்கே ஈரல், சுவரொட்டி, குடல் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறோம். ‘ஈரக்குலையே நடுங்கிடுச்சு’ என்று பயத்தைச் சொல்லத்தான் அது மிச்சம் இருக்கிறது. குலைநடுக்கம், குலை பதறுவது, எல்லாம் அதன் வாரிசுகள். உறுப்பின் பெயர், உணர்ச்சியின் பெயராகவே தங்கிவிட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. ஆங்கிலக் கசாப்புக் கடையில் இதே இதயம்-ஈரல்-நுரையீரல் கொத்துக்கு ‘பிளக்’ என்று பெயர், பிடுங்கி எடுப்பதால் அந்தப் பெயர். அந்த ‘பிளக்’ பதினெட்டாம் நூற்றாண்டில் தைரியத்துக்குப் பேச்சு வழக்காகி இன்றும் அப்படியே இருக்கிறது. ‘கட்ஸ்’ என்று குடலைத் தைரியம் ஆக்கியதும் அதே கூட்டம்தான். ஒரே குலை, ஒரே கத்தி, அங்கே துணிச்சல், இங்கே நடுக்கம். இதை வைத்து யாராவது தேசிய குணம் பற்றி ஆராய்ச்சி பண்ண வந்தால் நம்பாதீர்கள், ‘நெஞ்சுல மஞ்சா சோறு இருக்கா’ என்று கேட்கிற நம்மிடமும் துணிச்சலுக்கு உறுப்பு இல்லாமல் இல்லை.

இப்போது விசரலின் வரலாறு. பலர் நினைப்பது என்னவென்றால், முதலில் டாக்டர்கள் உறுப்பைக் குறிக்க ஒரு சொல் வைத்திருந்தார்கள், பிறகு எழுத்தாளர்கள் அதை உணர்ச்சிக்கு உவமையாக இழுத்துக்கொண்டார்கள் என்று. ஆங்கிலத்தில் நடந்தது தலைகீழ். பதினாறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோதே ‘உள்ளுக்குள் உறைக்கிற’ என்ற உணர்ச்சிப் பொருளில்தான் வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பொருள் வழக்கொழிந்து போயிற்று. உடற்கூறு சார்ந்த பொருள் அதற்குப் பிறகு பரவியது, உணர்ச்சிப் பொருள் மறுபடி உயிர்பெற்றது 1940களை ஒட்டி, அதுவும் கலை பற்றி எழுதிய விமர்சகர்கள் கையில். ஆகவே உங்கள் சினிமா விமர்சகர் டாக்டரிடமிருந்து கடன் வாங்கவில்லை, தாத்தா வீட்டுச் சொத்தைத்தான் திரும்ப எடுத்திருக்கிறார்.

தாத்தா வீடு என்றால் என்ன என்று பார்க்க பைபிளைத் திறக்க வேண்டும். பழைய உலகத்தில் உணர்ச்சி குடியிருந்த இடம் தலை இல்லை, மார்புகூட முழுசாக இல்லை, வயிறு. கிரேக்கத்தில் உள்ளுறுப்புகளுக்கு ‘ஸ்ப்ளாங்க்னா’ என்று பெயர், இன்றும் வயிற்றுக்குப் போகிற நரம்புகளை மருத்துவத்தில் ‘ஸ்ப்ளாங்க்னிக்’ நரம்புகள் என்கிறார்கள். அதிலிருந்து செய்த ஒரு வினைச்சொல் சுவிசேஷங்களில் வருகிறது, குடல் அசைந்தது என்பது மாதிரி. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியனுக்கும், ஊதாரி மகன் தூரத்தில் வருவதைக் கண்ட தகப்பனுக்கும் அந்த வினைதான். தமிழ் பைபிளில் இரண்டு இடத்திலும் ‘மனதுருகி’ என்று இருக்கிறது. அழகான சொல், குறை சொல்ல மாட்டேன், ஆனால் குடல் அங்கே காணாமல் போய்விட்டது. 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு கொஞ்சமும் கூச்சப்படாமல் பல இடங்களில் ‘பவல்ஸ்’, அதாவது குடல்கள், என்றே வைத்தது, ‘இரக்கத்தின் குடல்கள்’ என்கிற அளவுக்கு. அது பைபிளுக்கு மட்டுமான நடையும் இல்லை. 1650இல் ஆங்கிலப் படைத்தளபதி ஆலிவர் கிராம்வெல் ஸ்காட்லாந்து திருச்சபைக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்துவின் குடல்களின் பேரால் கெஞ்சுகிறேன், நீங்கள் தவறாகவும் இருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள் என்று எழுதினார். இன்றைக்கு அதைப் படிக்கும் ஆங்கிலேயப் பையன்கள் சிரிக்கிறார்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லா இடத்திலும் மழுப்பினார்கள் என்று சொல்வது நியாயம் இல்லை. எருசலேம் அழிந்ததைப் பார்த்துப் புலம்புகிற இடத்தில் குடல்கள் கொதிக்கின்றன, ஈரல் இளகித் தரையிலே வடிகிறது. அப்படியேதான் தமிழில் இருக்கிறது, படித்தால் நமக்கே என்னவோ செய்யும். ஆனால் மனுஷனுடைய இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கடவுள் சோதிக்கிறார் என்று எபிரேயத்தில் வருகிற இடம் தமிழில் ‘இருதயங்களையும் உள்ளிந்திரியங்களையும்’ என்று ஆயிற்று. சிறுநீரகத்தைச் சோதிக்கிறார் என்று போட்டிருந்தால் சபையில் யாராவது சர்க்கரை நோயாளி பயந்துபோயிருப்பார், எனவே அந்த முடிவு சரிதான். மொழிபெயர்ப்பாளன் ஒவ்வொரு இடத்திலும் உறுப்பை வைப்பதா உணர்ச்சியை வைப்பதா என்று முடிவெடுக்கிறான், இரண்டையும் ஒரே சொல்லில் பிடிக்கிற பாக்கியம் எப்போதாவதுதான் வாய்க்கும். உங்கள் சப்டைட்டில் சிக்கலும் இதேதான், நானூறு வருடம் பழசு.

எபிரேயத்திலும் அரபியிலும் இரக்கத்துக்கான சொல்லும் கருப்பைக்கான சொல்லும் ஒரே வேர். தமிழ் முஸ்லிம்கள் ஒவ்வொரு காரியத்தையும் தொடங்கும்போது சொல்கிற ரஹ்மான், ரஹீம் என்ற இறைப்பெயர்களில் இருப்பதும் அந்த வேர்தான். மலாயில் ‘ஹாத்தி’ என்றால் ஈரல், மனசும் அதுதான், மனம் புண்பட்டால் ‘சாக்கிட் ஹாத்தி’, ஈரல் நோகிறது. ஜப்பானியருக்குக் கோபம் வந்தால் வயிறு எழுந்து நிற்கும். மதுரைக்காரர்கள் தினமும் குடிக்கிற ஜிகர்தண்டாவில் ஜிகர் என்பது ஈரல், தண்டா என்பது குளிர்ச்சி. உருதுவில் ஜிகர் நெஞ்சும்தான், துணிச்சலும்தான், உயிர் நண்பனும்தான். பித்தத்தை வைத்து நாம் செய்திருப்பதைப் பாருங்கள், பித்து, பித்தன், ‘பெத்த மனம் பித்து’, எல்லாம் ஈரலில் சுரக்கிற ஒரு கசப்புத் தண்ணீரிலிருந்து. கிரேக்கர்கள் கறுப்புப் பித்தம் என்று ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு அதிலிருந்து சோகத்துக்கு ‘மெலங்கோலி’ என்று பெயர் வைத்தார்கள். இல்லாத நோயை இருப்பதாக நினைத்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஹைப்போகாண்ட்ரியா’ என்ற சொல்லும் விலா எலும்பின் குருத்தெலும்புக்குக் கீழே உள்ள இடத்தின் பெயர்தான், ஈரலும் மண்ணீரலும் இருக்கிற பகுதி. போதும், இந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது.

இனி டாக்டரின் விசரல். அவருக்கு இது உணர்ச்சியே இல்லை, முகவரி. உள்ளே என்று அர்த்தம், தோலிலோ சுவரிலோ இல்லை என்று அர்த்தம். நுரையீரலைச் சுற்றி இரண்டு அடுக்கு உறை இருக்கிறது, உறுப்போடு ஒட்டியிருப்பது விசரல், மார்புச் சுவரோடு ஒட்டியிருப்பது பரைட்டல். வயிற்று உறையிலும் அப்படியே. காலா அசார் என்று ஒரு காய்ச்சல், மணல் ஈ கடித்து வருவது, பீகார் பக்கம் பல தலைமுறைகளைத் தின்றது, அதன் மருத்துவப் பெயர் விசரல் லீஷ்மேனியாசிஸ். தோலில் புண்ணாக வருகிற வகை ஒன்று உண்டு, இது மண்ணீரல், ஈரல், எலும்பு மஜ்ஜை என்று உள்ளே போய் உட்காருவதால் விசரல். இதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1903இல் லீஷ்மன் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஒரு பக்கம் இந்தக் கிருமியைப் பற்றி எழுத, அதே வருடம் சென்னையில் வேலை பார்த்த சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர் தன் நோயாளிகளின் மண்ணீரலில் அதையே கண்டுபிடித்தார். கிருமிக்கு இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

விசரல் வலி என்பதுதான் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் உணர்ச்சிப் பொருள் எங்கே இருந்து தன் குணத்தை எடுத்துக்கொண்டது என்று அங்கேதான் புரியும். விரலில் முள் குத்தினால் கண்ணை மூடிக்கொண்டு இடத்தைக் காட்டலாம். குடலுக்கு அந்தத் திறமை கிடையாது. குடலைக் கத்தியால் வெட்டினாலோ சுட்டாலோ அதற்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் ஊதினால், இழுத்தால், அடைத்தால், ரத்தம் போகாமல் நின்றால் உயிர் போகும். வலிக்கும்போதும் எங்கே என்று சொல்லத் தெரியாது. குடல்வால் வீங்கும்போது முதலில் தொப்புளைச் சுற்றி ஏதோ செய்கிறது என்றுதான் நோயாளி சொல்வார், கையை அகல விரித்து வயிற்றையே தடவிக் காட்டுவார், குமட்டும், வியர்க்கும். சில மணி நேரம் கழித்து வீக்கம் வயிற்றுச் சுவரின் உறையைத் தொட்ட பிறகுதான் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, ஒற்றை விரலால் காட்டக்கூடியதாக ஆகும். மாரடைப்பில் இடது கையும் தாடையும் வலிப்பதும் இந்தக் குழப்பம்தான், உள்ளே இருந்து வரும் நரம்பும் கையிலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே வாசலில் நுழைவதால் மூளை தப்பான முகவரியைப் படித்துவிடுகிறது.

ஆக, விசரல் வலிக்கு மூன்று குணம்: வலி இருப்பது உறுதியாகத் தெரியும், எங்கே என்று தெரியாது, கூடவே வியர்வை குமட்டல் என்று உடம்பு முழுக்க எதிரொலிக்கும். இதைத் தமிழில் இவ்வளவு துல்லியமாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டால், ஏழாம் நூற்றாண்டிலேயே எழுதியாயிற்று. சூலை நோயோடு திருவதிகைக்கு வந்த அப்பர் பாடிய முதல் பதிகத்தில் ‘தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட’ என்கிறார். தோற்றாது, அதாவது வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உள்ளுக்குள் குடலோடு சேர்த்துக் கட்டி முடக்குகிறது. டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியது அத்தனையும் ஒரே அடியில் இருக்கிறது.

அப்பாவின் கொழுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொப்பையைக் கையால் பிடித்தால் அகப்படுவது தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. விசரல் கொழுப்பு அதற்கு உள்ளே, வயிற்றுச் சுவரையும் தாண்டிக் குடலையும் ஈரலையும் சுற்றிப் படிவது, கைக்கு அகப்படாது. அதனால்தான் கல்லு மாதிரி இறுகிய தொப்பைக்காரர்கள் ‘எனக்குக் கொழுப்பே இல்லை, தொட்டுப் பாருங்க’ என்று ஏமாறுகிறார்கள். அது சும்மா கிடக்கிற கொழுப்பும் இல்லை, அதிலிருந்து வருவது நேராக ஈரலுக்குப் போகிற ரத்தக் குழாயில் கலக்கிறது, சர்க்கரை நோய்க்கும் ஈரலில் கொழுப்பு சேர்வதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதை எல்லையாக வைக்கிறார்கள், அதைத் தாண்டினால் டாக்டரிடம் பேசுவது நல்லது. ஜிம்மில் ஏறி நிற்கிற மெஷின் ஒரு எண்ணைக் காட்டும், அது மின்சாரத்தை விட்டுக் கணக்குப் போட்ட ஊகம்தான், ஸ்கேன் மாதிரி பார்த்துச் சொல்வது இல்லை. இதைத் தாண்டி உணர்ச்சியோடு எந்தச் சம்பந்தமும் இந்த விசரலுக்கு இல்லை, தமிழில் ‘உள்ளுறுப்புக் கொழுப்பு’ என்றே எழுதுங்கள். மெஷின் மொழிபெயர்ப்பு ஒன்று இதை ‘உணர்ச்சிக் கொழுப்பு’ ஆக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். கோபக்கார மாமா ஒருவரை நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் வயிறு உணர்வது வெறும் சொல் வழக்கா, உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் யூடியூபில் சொல்கிற அளவு இல்லை. 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்ஸி செயின்ட் மார்ட்டின் என்ற கூலி ஆளுக்கு வயிற்றில் குண்டடி பட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. வில்லியம் பியூமாண்ட் என்ற ராணுவ மருத்துவர் அந்த ஓட்டை வழியாக நூலில் கட்டி இறைச்சித் துண்டை உள்ளே விட்டு, வெளியே இழுத்து, வருடக் கணக்கில் சோதனை செய்து 1833இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் கவனித்ததில் ஒன்று, செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்தபோதெல்லாம் செரிமானம் கெட்டது. கோபம் வராமல் என்ன செய்யும், உங்கள் வயிற்றில் ஒருவன் தினமும் நூல் விட்டு இழுத்தால்? ஆனால் உணர்ச்சி வயிற்றைத் தொடுகிறது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி அன்றைக்கு யாரிடமும் இல்லை.

அரை நூற்றாண்டு கழித்து 1884இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு படி மேலே போனார். பயந்ததால் உடம்பு நடுங்குவதில்லை, உடம்பு நடுங்குவதை உணர்வதுதான் பயம் என்றார். ஈரக்குலை நடுங்குவதுதான் பயமே என்று நம் பாட்டிகள் சொல்வது போல. 1927இல் வால்டர் கேனன் என்ற உடலியல் ஆய்வாளர் இதை மறுத்தார். உள்ளுறுப்புகள் மெதுவானவை, மந்தமானவை, கோபத்துக்கும் பயத்துக்கும் அவற்றில் நடப்பது ஏறக்குறைய ஒன்றே, அப்படியிருக்க அவற்றிலிருந்து எப்படி இவ்வளவு வகை உணர்ச்சி வரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி, சண்டை இன்னும் முழுசாக முடியவில்லை. குடலின் சுவரில் பத்துக் கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிறு, இதயம், நுரையீரலிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகின்றனவே தவிர மூளையிலிருந்து கீழே கட்டளை கொண்டுவருவன அல்ல. இதுவரை சரி. மனநிலையோடு சேர்த்துப் பேசப்படுகிற செரடோனின் என்ற ரசாயனத்தில் பெரும்பகுதி குடலில் உண்டாகிறது, அதனால் சந்தோஷமே குடலில்தான் தயாராகிறது என்று தயிர் விற்கிறவர்கள் சொல்வது மட்டும் மிகை, அந்தச் செரடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வந்துவிட்டோம். ‘கட் ஃபீலிங்’ என்பது ஒரு முடிவு. காரணம் சொல்ல முடியவில்லை, ஆனால் இந்த வீட்டை வாங்க வேண்டாம், இந்த ஆள் சரியில்லை என்று தெரிகிறது. அங்கே ஒரு தகவல் இருக்கிறது, அது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் போகலாம். அதற்கு ‘உள்ளுணர்வு’ பொருந்தும், ‘மனசுல பட்டுச்சு’, ‘உள்ளுக்குள்ள ஏதோ சொல்லுது’ பொருந்தும். விசரலில் தகவல் எதுவும் இல்லை, தீர்ப்பும் இல்லை, எனவே அது தப்பாகவும் முடியாது. பாம்பைக் கண்டு பின்னால் குதித்த பிறகு அது கயிறு என்று தெரிந்தால் பயம் தப்புதான், ஆனால் வயிறு கவ்வியது நிஜம். கண்ணாடித் தரையில் நின்று கீழே பார்த்தால், உடையாது என்று இன்ஜினியருக்கே தெரிந்தாலும், அடிவயிறு கலங்கும். அறிவு அங்கே பேச்சுக்கே வருவதில்லை. விசரல் என்ற சொல் இருக்கிற இடம் அதுதான்.

அதே காரணத்தால் ‘தீவிரமான’ என்று போடுவதும் தப்பு, ‘ஆழமான’ என்பதும் தப்பு. ஆழமான துக்கம் வருடக் கணக்கில் இருக்கும், யோசித்து யோசித்து ஆழமாகும். விசரலுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. விமர்சகர்கள் இதை ரத்தம் தெறிக்கிற படத்துக்கெல்லாம் ஒட்டிவிடுகிறார்கள், குடல் தெரிந்தால் விசரல் என்று. என் கணக்கில் பறை பக்கத்தில் அடிக்கும்போது காதில் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் இடிக்கிறதே, அது விசரல். யாரும் சாகவில்லை, யாரும் அழவில்லை. ஒரு படம் அப்படி இடித்தால் அந்தச் சொல்லைப் போடலாம், இல்லாவிட்டால் ‘ரத்தக் களரி’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.

தமிழில் எதை எடுப்பது என்பது உணர்ச்சியைப் பொறுத்தது, ஆங்கிலத்தில் ஒரு சொல் செய்கிற வேலைக்கு இங்கே ஏழெட்டு ஆள் இருக்கிறார்கள், ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய மாட்டார். திடீர்ப் பயம் என்றால் ஈரக்குலை. வரப்போகிற ஆபத்தை நினைத்துப் பயம் என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அருவருப்பு என்றால் குடலைப் புரட்டும், நாற்றமாக இருந்தால் குடலைப் பிடுங்கும். அடுத்தவன் நன்றாக இருப்பதைப் பார்த்தாலும், அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றாலும் வயிறு எரியும். பயந்த காரியம் நடக்காமல் நல்லபடியாக முடிந்தால் வயிற்றில் பால் வார்க்கும், கவனியுங்கள், நிம்மதிகூட நமக்கு வயிற்றில்தான் இறங்குகிறது. விசரல் வெறுப்பு என்று ஒரு சாதியையோ இனத்தையோ பற்றி வந்தால் மட்டும் நான் திணறியிருக்கிறேன். ‘கண்டாலே குமட்டுகிற வெறுப்பு’ என்று ஒருமுறை எழுதினேன், அதற்கு மேல் இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள் பாத்திரம் வீட்டைப் பார்க்கிறது. ஆபத்து எதுவும் இப்போது இல்லை, அடித்தவர்கள் செத்தும் போயிருக்கலாம், எனவே புளி வேண்டாம். ஈரக்குலை கொஞ்சம் சத்தமாக இருக்கிறது, பேய்ப்படம் ஆகிவிடும். நினைவு வருவதற்கு முன்னாலேயே உடம்பு அந்தப் பழைய அடிக்குத் தயாராகிவிட்டது என்பதுதான் அவன் சொல்ல வருவது, அடி வாங்கப்போகிற பிள்ளை வயிற்றை எக்கிக்கொள்வது போல. எனக்கு இடம் இருந்தால் ‘பார்த்ததுமே வயித்துல யாரோ கையை விட்டுப் பிசைஞ்ச மாதிரி இருந்துச்சு’ என்று போடுவேன். ஆனால் அவன் சொல்வது மூன்றே சொல், திரையில் ஒன்றரை விநாடி நிற்கும், இவ்வளவையும் படிக்க முடியாது. ‘வயிறு சுருண்டுபோச்சு’ என்று போடுங்கள், அந்த நேரத்துக்குள் அடங்கும்.